நாலு நாற்பது வண்டி

கையை மேசைமேல் நீட்டுங்கள், பேசாதீர்கள் என்றேன்.
எத்தெல்வினா பேசவில்லை.
பட்டை இறுகித் தளர்ந்து எண் வந்து நின்றது:
நூற்று எண்பத்திரண்டு.
இயந்திரத்தின் மேல் சந்தேகப்பட்டு
மறுகையிலும் கட்டினேன்.
நூற்று எண்பத்து நான்கு.

என் படிவத்தில் கட்டங்கள் உண்டு.
புகை: இல்லை.
மது: புத்தாண்டுக்கு ஒரு கிளாஸ்.
உப்பு: சிரித்தாள்.
கச்சூப்பாவில் உப்பு குறைந்தால்
மகன் தட்டைத் தள்ளிவிடுவானாம்.
உறக்கம்: ஒரே ஓர் இலக்கத்துக்குத்தான் இடம்.
மூன்றரை என்றாள்.
அரையை எங்கே போடுவது?

மருத்துவர் நல்லவர், சின்ன வயது.
எட்டு மணி நேரம் தூங்குங்கள் என்றார்.
தினமும் அரை மணி நடங்கள் என்றார்.
கவலையைக் குறையுங்கள் என்றார்,
உப்பைக் குறைக்கச் சொன்ன அதே குரலில்.

நடக்கிறேனே டாக்டர் என்றாள்.
இரவு மூன்று இருபதுக்கு
அமதோரா மேட்டிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு படி,
அப்புறம் பெட்ரோல் பங்க் வரைக்கும்.
நாலு நாற்பது வண்டியை
ஆள் ஏறுவதில்லை என்று நிறுத்திவிட்டார்கள்.
மூன்று ஐம்பதை விட்டால் ஐந்தரை.
ஐந்தரையில் போனால்
லிஸ்பன் வங்கியின் ஒன்பதாம் மாடியில்
விளக்கு எரியத் தொடங்கிவிடும்.
தரை பளபளப்பது அங்கே எல்லாருக்கும் பிடிக்கும்,
துடைக்கிறவள் கண்ணில் படுவது
யாருக்கும் பிடிக்காது.

ஆள் ஏறுவதில்லை.
எண்ணியவர் யாரோ.
நின்றுகொண்டே தூங்குகிறவர்களை
ஆளில் சேர்ப்பதில்லை போலும்.

எனக்கு ஏழேகாலுக்கு ரயில், ஜன்னலோர இருக்கை.
எனக்கு நூற்றுப் பதினெட்டு.
இத்தனை நாளும் அதை
என் ஒழுக்கம் என்று நினைத்திருந்தேன்.

ஜுல்மிரா என்றொருத்தி
கோடு போட்ட நோட்டுப் புத்தகம் வாங்கினாள்.
மூன்று ஐம்பதில், கைபேசி வெளிச்சத்தில்,
வண்டியின் குலுக்கலோடு குலுங்கிய கையெழுத்துகள்
இருநூற்றுப் பதினொன்று.
நூற்று நாற்பதாவது தியோலிந்தா.
மார்ச்சில் ஒரு காலை, லிப்ட் வாசலில்,
வாளி கவிழ்ந்த தண்ணீரில் கிடந்தாள்.
வாய் ஒருபக்கம் கோணிவிட்டது.
வலது கை இனி எழுதாது.
நோட்டில் அவள் பெயர் மட்டும்
நேராக நிற்கிறது.

பதினொரு மாதம் அலைந்தார்கள்.
அலுவலகம் திறப்பது ஒன்பதுக்கு,
இவர்கள் வேலை முடித்து, அடுத்த வேலைக்குப் போகும் நேரம்.
முறைவைத்து ஒருத்தி போனாள்,
மற்றவர்கள் அவள் மாடியையும் துடைத்தார்கள்.
அக்டோபரில் நாலு நாற்பது திரும்பி வந்தது,
ஹாரன்கூட அடிக்காமல்.

ஜனவரியில் எத்தெல்வினா கை நீட்டினாள்.
நூற்று நாற்பத்தெட்டு.
மறுகையிலும் அதே.
மருத்துவர் மலர்ந்து போனார்.
மாத்திரைதான் வேலை செய்கிறது என்றார்.
தலையாட்டினாள்.
மாத்திரையை அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை,
அது உண்மை.
கதவருகில் என்னிடம் மட்டும் சொன்னாள்:
இப்போது நாலேகால் மணி தூங்குகிறேன்.
முந்தாநாள் கனவு கூட வந்தது,
என்ன கனவென்று மறந்துவிட்டது.

எது எவ்வளவு இறக்கியது என்று
எனக்குத் தெரியாது, என் இயந்திரத்துக்கும் தெரியாது.
குறிப்பேட்டில் 'மாத்திரைதான்' இருந்த இடத்தில்
'தான்' அடித்து ஓர் 'உம்' போட்டேன்:
மாத்திரையும்.
அதற்குமேல் கட்டம் இல்லை.
ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை இருந்தது,
அதில் 4.40 என்று எழுதிவைத்தேன்.

மறுவாரம் பதிவேட்டுப் பிரிவிலிருந்து
ஒரு பெண் கூப்பிட்டாள்.
ஓரத்தில் இருப்பது மருந்தா?
ஆமாம் என்றேன்.
எத்தனை வேளை?
தினம் ஒரு வேளை, விடியுமுன்.
ஞாயிறு கிடையாது.